நானூற்று ஒன்று

பத்து வருடம் பனியன் கம்பெனியில்
மார்க்கர் போட்டவள் நான்.
முன்பக்கம், முதுகு, ரெண்டு கை, ஒரு கழுத்துப்பட்டி.
ஒரு கையின் வளைவுக்குள் இன்னொரு கையைச் செருகி
விரற்கடை துணி மிச்சம் பிடித்தால்
கட்டிங் மாஸ்டர் டீ வாங்கித் தருவார்.

இப்போது பெருமாநல்லூர் ரோட்டில் தகர ஷெட்.
துணிக்குப் பதில் எட்டுக்கு நாலு பிளைவுட்,
கத்திக்குப் பதில் ஆறு மில்லிமீட்டர் பிட்,
நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று.
பக்கத்து நிட்டிங்காரர் கேட்கிறார்,
"என்னுங் இது, ராத்திரியெல்லாம்
பல்லு டாக்டராட்ட ராவுது?"
தவணைங்க, என்றேன். அஞ்சாந்தேதி தவணை.

ஆனி மாசம் வந்தது அறுபது அலமாரி.
சாயப்பட்டறை குழந்தைவேலு கட்டுகிற ஹாஸ்டலுக்கு.
அறைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு கதவு, ஒரு பூட்டு.
ஆழம் பதினாலு அங்குலம் என்று
சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்.

திரையில் அடுக்கினேன்.
அகலத்தில் மூன்று பலகை உட்கார்ந்தன,
நாலாவதுக்கு இடமில்லை.
ஷீட்டுக்கு ஷீட்
அஞ்சரை அங்குலத்தில் ஒரு வால் தொங்கியது.
நாற்பத்திரண்டு ஷீட், நாற்பத்திரண்டு வால்.
துணியாக இருந்தால்
மாஸ்டர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஷீட் தூக்க வந்த பிரமோத்
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"அக்கா, இது உள்ள பெட்டி போகாது."
எந்தப் பெட்டி?
"எல்லாரும் பெட்டி. ஊர்ல இருந்து வர்ற பெட்டி."
மறுநாள் ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு
அவன் தகரப் பெட்டியின் அளவைக் கொண்டுவந்தான்.
முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு.

பதினாறு அங்குலம் வைக்கலாமா?
மூன்று பலகைக்குச் சரி,
பிட் தின்பதற்கு இடமில்லை.
அதுவும் ஒரு வாய்தான், அதற்கும் படியளக்க வேண்டும்.
கட்டத்தில் 356ஐ அழித்து
401 என்று அடித்தேன்.
அறுபது அலமாரியும் ஒரு தடவை விலகி
பஸ்ஸில் ஆள் ஏறினால் நகர்ந்துகொள்வதைப் போல
ஒட்டி உட்கார்ந்தன.
வாலைக் காணோம்.
ஷீட் அதே நாற்பத்திரண்டு.

கேட்காமலே ஓட்டினேன்.
பதினேழாவது ஷீட்டில் கரண்ட் போனது.
வந்தபோது மிஷினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை.
தினசரிக் காலண்டரில் நேற்றைக் கிழித்து
பிட்டுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து
மெல்ல மெல்ல இறக்கினேன்.
தாள் இழுபடாமல் நின்றது.
அங்கேதான் பூஜ்யம்.
நேற்றைய ராகுகாலத்தில் ஒரு பொட்டு ஓட்டை.

குழந்தைவேலு வந்தார். டேப்பை நீட்டினார்.
மறுபடி நீட்டினார்.
"ரெண்டு பக்கமுஞ் சேத்து
மூணரை அங்குலம் நடை போச்சுங்களே அம்மிணி?"
"பெட்டி உள்ள போயிருமுங்.
அப்பறம் நடையில பெட்டி இருக்காதுங்."
அவர் மூக்கைச் சொறிந்தார்.
மரத்தூள் அவர் வெள்ளைச் சட்டையில்
காலர்வரை ஏறியிருந்தது.
"ரேட்டு?"
"அதே ரேட்டுங்."
"செரி" என்றவர்
வண்டியில் ஏறும்போது திரும்பி,
"அடுத்த தடவ கேட்டுப்போட்டு அறுங்க" என்றார்.
நியாயம்.

அறுபதும் போய்ச் சேர்ந்துவிட்டன.
பிரமோத் அந்த ஹாஸ்டலில் இல்லை.
கோயில் பின்னால் லைன் வீட்டில்
நாலு பேரோடு இருக்கிறான்,
பெட்டி நடையில்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

அந்த அறையின் அளவைச் சொல்லச் சொன்னேன்.
மறுபடி சணல் கயிறு, இந்த முறை ஆறு முடிச்சு.
திரையில் வைத்து அடுக்குகிறேன்,
திருப்புகிறேன், நெருக்குகிறேன்.
நாலு பேர் படுத்தது போக
எந்தப் பக்கம் திருப்பினாலும்
கதவு திறக்க இடமில்லை.

கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.
ஸ்பிண்டில் பக்கத்துக் கொக்கியில்
தொங்குகிறது.